அவங்க படம் அவங்களுக்கு

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. மூணு பேர் சீட்டுதானே. இந்தப் பையை நான் மடியிலயே வச்சுக்கறேன், மேல வச்சா டிரைவர் போடுற பிரேக்குக்குக் கீழ வந்துரும். உள்ள கேமரா இருக்கு. அட, நீங்கதானே பஸ் ஸ்டாண்டு டீக்கடையில எனக்குப் பக்கத்துல நின்னது? கல்லுக்கோட்டை விலக்குக்கு எந்த பஸ்ஸுன்னு நான் கேட்டப்ப, இந்தா நிக்குதுன்னு கையைக் காட்டினீங்களே. நீங்களும் அந்தப் பக்கமா? நல்லதாப் போச்சு. ஒண்ணரை மணி நேரம் வாயை மூடிட்டு வர்றது என்னால ஆகாத காரியம்.

பத்திரிகைக்காரன் இல்ல சார். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. நான் காலேஜ் வாத்தியார். படம் எடுக்கவும் பேட்டி எடுக்கவும் சொல்லிக் குடுக்கறேன். பேட்டின்னா சினிமாக்காரங்களைப் பேட்டி எடுக்கறது இல்ல. நாதியத்தவங்க, அநியாயம் நடந்தவங்க, வாயைத் திறக்கப் பயப்படறவங்க. அவங்ககிட்ட எப்படிப் போய் உக்காரணும், எப்படிப் பேச்சுக் குடுக்கணும், எந்த இடத்துல கேமராவை வெளிய எடுக்கணும், எந்த இடத்துல எடுக்கவே கூடாது, இதெல்லாம் பாடம். மனித உரிமைக் கதைசொல்லல்னு அதுக்குப் பேரு. இருபத்திரண்டு வருஷமா இதே வேலை.

முதல் பாடமே கவனிக்கறதுதான். ஒருத்தரைப் பார்த்தா முகத்தைப் பார்க்காதே, கையைப் பாரு, துணியைப் பாரு, அவங்க யாருன்னு தெரிஞ்சுரும்பேன். இப்ப உங்களையே எடுத்துக்கங்க. தப்பா நினைக்காதீங்க, பழக்கதோஷம். உங்க சட்டைத் தோள்ல பஞ்சு ஒட்டியிருக்கு. காதோரமும் இருக்கு பாருங்க, துடைச்சுக்கங்க. மெத்தைக்கடை வச்சிருக்கீங்க, சரிதானா? சிரிக்கிறீங்க. நான் சொன்னா தப்பாது சார்.

இப்பேர்ப்பட்ட என் மேலதான் ஒரு பொண்ணு புகார் எழுதிக் குடுத்திருக்கு. பிரின்ஸிபல்கிட்ட. ரெண்டு பக்கம். என் மாணவிதான், ஜெனிட்டான்னு பேரு. என் வகுப்பிலயே கெட்டிக்காரி. நான் கேமரா பிடிக்கச் சொல்லிக் குடுத்த கையாலயே என்னைப் பத்தி எழுதியிருக்கா. 'சாருடைய கவனக்குறைவால் ஒரு பெண்ணின் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டுள்ளது.' வரி மனப்பாடம் ஆயிருச்சு சார், அத்தனை தடவை படிச்சாச்சு. சோறு இறங்கல. என் வீட்டம்மா சொல்றா, விடுங்க, சின்னப் பொண்ணு என்னமோ எழுதிருச்சுன்னு. எப்படி விடறது? எனக்குக் கவனக்குறைவா?

என் வகுப்பிலே மூணு சட்டம் வச்சிருக்கேன். பேரைச் சொல்லாதே. முகத்தைக் காட்டாதே. இது ரெண்டும் எல்லா வாத்தியாரும் சொல்றதுதான். மூணாவதுதான் என்னுது. எடுத்த படத்துல ஒரு பிரதி அவங்க கையில போய்ச் சேரணும். அவங்க படம் அவங்களுக்கு. எத்தனை பேரு வர்றான், ஏழைபாழையைப் படம் எடுத்துட்டுப் போறான், பரிசு வாங்குறான், படத்துல இருக்கறவங்களுக்கு அது எப்படி வந்துச்சுன்னே தெரியாது. அது திருட்டு சார். என் புள்ளைங்க திருடக்கூடாது. அதனால படம் போய்ச் சேர்ந்துச்சுங்கறதுக்கு வாங்கினவங்க கையெழுத்து வேணும். கையெழுத்து இல்லன்னா செய்முறைத் தேர்வுல மார்க் கிடையாது. இதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க.

போன வருஷம் ஜெனிட்டா எடுத்துக்கிட்டது மில் பொண்ணுங்க. நூல் மில்லு. எந்த மில்லுன்னு நான் சொல்ல மாட்டேன், அது நெறி. வாசல்ல பெரிய பிள்ளையார் கோயில் இருக்கும், எதுத்தாப்புல பெட்ரோல் பங்க், ஹாஸ்டல் சுவத்துல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கும், அவ்வளவுதான் சொல்லுவேன். ம்? பார்த்தீங்களா, பேரை நீங்க சொன்னீங்க, நான் சொல்லல. அதைக் கவனிச்சுக்கங்க.

அந்தப் பொண்ணுங்களை வெளிய விடறது மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. மில் வேன்ல கூட்டிட்டு வந்து சந்தையில இறக்குவாங்க. சோப்பு, சீப்பு, ரிப்பன் வாங்கிக்கலாம். கூடவே வார்டன் அம்மா ஒண்ணு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும். அந்தச் சந்தையில வளையல் கடை ஒண்ணுல ஜெனிட்டா போய் வேலைக்காரி மாதிரி உக்காந்துட்டா. என் யோசனைதான். முதல் தடவை போயிட்டு வந்து அழுதா. யாருமே பேசல சார்னா. என்ன கேட்டேன்னு கேட்டேன். 'உங்களுக்கு மில்லுல என்ன கொடுமை நடக்குது'ன்னு கேட்டாளாம். போலீஸ் ஸ்டேஷனா இது? அப்படிக் கேட்டா யாரு சொல்லுவா? காலையில என்ன சாப்பிட்டேன்னு கேளு, பக்கத்துப் பாயில படுக்கறது யாருன்னு கேளு, அப்புறம் நீ சும்மா இரு, மத்ததை அவளே சொல்லுவான்னேன்.

அடுத்த மாசம் அப்படித்தான் கேட்டிருக்கா. பக்கத்துப் பாயில படுக்கறது யாருன்னு. அந்தப் பொண்ணு வளையலைப் போட்டுப் பார்த்துக்கிட்டே, 'இப்ப யாரும் இல்லக்கா'ன்னு சொல்லுச்சாம்.

அதுக்கப்புறம் மூணு ஞாயித்துக்கிழமை. கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சு. பக்கத்துப் பாயில இருந்தது சுகந்தின்னு ஒரு பொண்ணு. பதினேழு வயசு. காலை ஷிப்டுல மெஷின்ல துப்பட்டா மாட்டி இழுத்துருச்சு. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு ஜெனிட்டாகிட்டப் பேசின இந்தப் பொண்ணு கத்தியிருக்கு. மேஸ்திரி நிறுத்தலையாம், ஓட்டம் நின்னா கணக்குக் குறையும்னு. அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. மில்லுல என்ன சொன்னாங்கன்னா, புள்ள பாத்ரூம்ல வழுக்கி விழுந்துருச்சுன்னு. பெத்தவங்களும் நம்பிட்டாங்க, நம்பாம என்ன பண்ணுவாங்க. பக்கத்துல நின்னு பார்த்தது இந்த ஒரு பொண்ணுதான்.

இதை ஜெனிட்டா வகுப்புல ஒலிப்பதிவு போட்டுக் காட்டினப்ப நான் அழுதுட்டேன் சார். வெக்கமில்லாமச் சொல்றேன், புள்ளைங்க முன்னாடி அழுதேன். எனக்கும் அதே வயசுல ஒரு மக இருக்கா. அழுதுட்டு அப்புறம் சொன்னேன், ஜெனிட்டா, குரல் நல்லா விழுந்திருக்கு, ஆனா பின்னாடி சந்தை இரைச்சல் ஜாஸ்தின்னு.

படமும் அருமையான படம். முகம் இல்ல. அந்தப் பொண்ணு திரும்பி உக்காந்து சடையை முடியுது, ரெண்டு கையும் சடையும்தான். விரல்ல நூல் அறுத்த தழும்பு. காலேஜ் கண்காட்சியில முதல் பரிசு. சென்னையில இருந்து வந்தவங்க என் கையைப் பிடிச்சு, எப்படி சார் புள்ளைங்களை இப்படித் தயார் பண்றீங்கன்னாங்க. அன்னைக்கு நான் தரையில நடக்கல.

பரிசு வந்தா படம் போய்ச் சேரணும்ல? ஜெனிட்டாகிட்டக் கேட்டேன், குடுத்துட்டியா, கையெழுத்து எங்கன்னு. 'பொறுங்க சார், சந்தைக்கு வரும்போது கையில காட்டிட்டு நானே திரும்ப வாங்கிக்கறேன், அவ ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக முடியாது'ன்னா. ஒரு மாசம் பொறுத்தேன். அந்த மாசம் சந்தைக்கு விடல. ரெண்டாவது மாசமும் விடல. செய்முறைத் தேர்வு வந்துருச்சு. ஒருத்திக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு எல்லாரும் வளைப்பான். நானே பெரிசா ஒரு பிரதி போட்டேன், அட்டை வச்சு ஒட்டினேன், ரெஜிஸ்டர் தபால்ல அனுப்பினேன். ஹாஸ்டல் விலாசத்துக்கு, அவ பேருக்கு. கூடவே என் கைப்பட ஒரு கடுதாசி. 'அன்புள்ள பவளக்கொடிக்கு, உன் தோழிக்கு நேர்ந்ததை நீ துணிச்சலாகச் சொன்னது எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது.' நல்ல கடுதாசி சார். ஒரு வாத்தியார் இவ்வளவு மரியாதையா எழுதுறாரேன்னு அந்தப் புள்ளைக்கு ஒரு சந்தோஷம் இருக்கும்ல?

ஐயோ, பேரைச் சொல்லிட்டேனா. பரவால்ல, நீங்க யாருகிட்ட சொல்லப் போறீங்க.

வாங்கினவங்க கையெழுத்துப் போட்டு அனுப்புற அட்டை பத்து நாள்ல திரும்பி வந்துச்சு. ஜெனிட்டா ஃபைல்ல வச்சு முழு மார்க் போட்டேன். அவ அந்த அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. 'இது அவ கையெழுத்து இல்ல சார். அவ தமிழ்லதான் போடுவா. இது வார்டன்'னா. நான் என்ன பண்ண முடியும்? போஸ்ட்மேன் யார் கையில குடுக்கறான்னு நானா பார்த்துட்டு நிக்க முடியும்? அனுப்ப வேண்டியது என் கடமை, அனுப்பிட்டேன்.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சிரமமாத்தான் போச்சு. சும்மா சொல்லக்கூடாது. போனைப் பிடுங்கிட்டாங்களாம், தனி ரூம்ல வச்சாங்களாம், நாலு நாள். யாருகிட்ட என்ன சொன்னேன்னு கேட்டுக் கேட்டு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப பின்வாசல் வழியா ஓடியாந்துருச்சு. நேரா ஜெனிட்டாகிட்டத்தான். அவ ஒரு வக்கீலைப் பிடிச்சு மனுக் குடுத்து, இப்ப ஆர்.டி.ஓ. விசாரணை வரைக்கும் வந்திருக்கு. வர்ற திங்கக்கிழமை. இந்தப் பொண்ணு போய் நான் பார்த்தேன்னு சொன்னாத்தான் கேஸு. வேற சாட்சி கிடையாது. திங்கக்கிழமை வரைக்கும் இருக்கற இடம் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காராம்.

அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுக்கு உசிலம்பட்டிப் பக்கம் நாலு பேரு போய் விசாரிச்சாங்களாம். அண்ணன்காரனுக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டிருக்கு. அவங்கதான் ஒடிச்சாங்கங்கறா ஜெனிட்டா. வண்டியில இருந்து விழுந்திருப்பான் சார், அந்த வயசுப் பசங்க ஓட்டுற ஓட்டம் தெரியாதா. நீங்க என்ன சொல்றீங்க? ஆமா, அதான் நானும் சொல்றேன்.

இவ்வளவுக்கும் காரணம் நான்னு எழுதிக் குடுத்திருக்கா. நீங்களே யோசிங்க. நான் நல்லது நினைச்சுப் பண்ணினேனா, கெட்டது நினைச்சுப் பண்ணினேனா?

அதனாலதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. என் வீட்டம்மாகிட்டக்கூட மதுரையில ஒரு கூட்டம்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு கையிலயே நேரா படத்தைக் குடுக்கப் போறேன், இந்தா பையில இருக்கு. சார் மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லன்னு அவ கைப்பட ஒரு காகிதம் எழுதி வாங்கிக்குவேன். தமிழ்ல போடட்டும் கையெழுத்தை. அதைக் கொண்டுபோய் பிரின்ஸிபல் மேஜையில வச்சா, யாரும் வாயைத் திறக்க முடியாது. அப்படியே ஒரு படமும் எடுக்கணும், இந்தத் தடவை முகத்தோட. திங்கக்கிழமை சாட்சி சொல்லிட்டான்னா ஊரே அவளைப் பார்க்கும். அதுக்கு முன்னாடி எடுத்த படம் நம்மகிட்டத்தான் இருக்கும்.

இடம் எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? அதுல நம்ம கைவரிசை கொஞ்சம் இருக்கு. புகார் எழுதறதுக்கு முன்னாடியே ஜெனிட்டா களக்குறிப்பு நோட்டைத் திருத்தறதுக்குக் குடுத்திருந்தா. ஒரு பக்கத்துல ஒயிட்னர் பூசி என்னத்தையோ அழிச்சிருந்தா. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. வெளிச்சத்துல பிடிச்சுப் பின்பக்கமாப் பார்த்தேன், போன் நம்பரு அச்சடிச்ச மாதிரி தெரிஞ்சுச்சு. போட்டோகிராபர் கண்ணு சார்! போன் பண்ணினேன். முதல்ல அந்தப் பொண்ணு தங்கியிருக்கற வீட்டு அத்தைக்காரி எடுத்தா, அப்படி யாரும் இல்லன்னா. நான் ஜெனிட்டாவோட சார், ஜெனிட்டாதான் என்னை அனுப்புறான்னேன். உடனே அந்தப் பொண்ணே வாங்கிப் பேசிருச்சு. என்னா மரியாதை! 'சார் உங்களைப் பத்தி அக்கா சொல்லியிருக்காங்க சார், வாங்க சார்'ன்னு. எங்க இறங்கணும், எப்படி வரணும், எல்லாம் அதுதான் சொல்லுச்சு. ஒரே ஒரு சின்னப் பொய்தான். நல்ல காரியத்துக்குத்தானே.

விலக்குல இறங்கி ரெண்டு கிலோமீட்டர் உள்ள போகணுமாம். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, ஓட்டு வீடு, வாசல்ல முருங்கை மரம். பக்கத்துல வீடு எதுவும் இல்லையாம். எனக்கும் அது வசதி, கூட்டம் கூடாம நிம்மதியாப் படம் எடுக்கலாம். ஆம்பளைங்களா? மாமன்காரன் கேரளாவுல தோட்ட வேலை, தீவாளிக்குத்தான் வருவானாம். அத்தையும் இதுவும்தான். நாய் இருக்கான்னு எல்லாம் நான் கேக்கல சார், நீங்க நல்லாக் கேக்குறீங்க. என் வகுப்புல வந்து உக்காருங்க, நல்ல பேட்டிக்காரர் ஆயிருவீங்க. அடுத்தவங்க பேசப் பேச நீங்க பாட்டுக்குத் தலையாட்டிக்கிட்டே இருக்கீங்க. அதுதான் சார் வித்தை.

போன் வருதா? எடுங்க, பேசுங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன்.

முடிஞ்சுதா. காதுல விழுந்துச்சு, மன்னிக்கணும். நாலு பேரு போதும்னு சொன்னீங்களே, மெத்தை ஏத்தவா? தொழில்னா அப்படித்தான், பஸ்ல போனாலும் விடாது.

என் போனும் அடிக்குது பாருங்க. ஜெனிட்டா. இதோட பதினோரு தடவை. நான் எடுக்கல. அந்தப் பொண்ணு அவகிட்டச் சொல்லியிருக்கும், சார் வர்றாருன்னு. இப்ப எடுத்தா என் வாயில என்ன வருமோ எனக்கே தெரியாது. வகுப்புல வச்சுப் பேசிக்கறேன். இந்தா, இப்ப மெசேஜ் போடுறா. என்ன போட்டிருக்கா... 'சார் தயவுசெஞ்சு போகாதீங்க. ரெண்டு நாளா காலேஜ் வாசல்ல ஆள் நிக்குது. உங்க பின்னாடியே வருவாங்க. எங்க இருந்தாலும் இறங்கித் திரும்பிருங்க.'

பார்த்தீங்களா! என் பின்னாடி யாரு வர்றா? பஸ்ல இருக்கறது மொத்தம் எட்டுப் பேரு. பின்னாடி சீட்டுல ஒரு கிழவர் தூங்குறாரு. பக்கத்துல நீங்க இருக்கீங்க. இப்படித்தான் சார், சின்னப் புள்ளைங்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்தா எல்லா இடத்துலயும் வில்லன் தெரிய ஆரம்பிச்சுருது. போனை அணைச்சு வச்சா அந்தப் பொண்ணு கூப்பிட்டா எடுக்க முடியாது, அதான் அணைக்கல.

விலக்கு வந்துருச்சுன்னு நினைக்கிறேன். எறங்கணும் கண்டக்டர்! நீங்களும் இங்கதானா? அட, சொல்லவே இல்ல பாருங்க. பார்த்து எறங்குங்க.

அந்த வேன் உங்க ஆளுங்களா? நமக்கு முன்னாடியே வந்து நிக்குதே. இல்ல சார், எனக்கு எதுக்குச் சிரமம், ரெண்டு கிலோமீட்டர்தானே, நடந்துருவேன். வெயில்தான் கொஞ்சம்... சரி, இவ்வளவு சொல்றீங்க. கேமரா பையை நானே வச்சுக்கறேனே. பரவால்லையா? சரி, பின்னாடி வைங்க. முன்னாடி உக்காரவா, வழி சொல்லணும்ல. வணக்கம் தம்பி. வணக்கம். நேராப் போங்க, தண்ணித் தொட்டி தெரியும்னு சொல்லுச்சு.

நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லையே சார். மெத்தையைக் காணோமே வண்டியில. காலியா இருக்கு.

நானே பேசிட்டு வர்றேன். தண்ணி இருக்கா? வேண்டாம், பரவால்ல. தம்பி, அந்தக் கதவு உள்ள இருந்து திறக்காதா? பழைய வண்டி, ஆமா, பழைய வண்டின்னா அப்படித்தான். தொட்டி அதோ. வலது பக்கம்.

போன் அடிக்குது. அந்தப் பொண்ணுதான் சார். தனியாத்தான் வர்றீங்களான்னு கேக்கும், காலையிலயும் அதைத்தான் கேட்டுச்சு. என்ன சொல்லட்டும்? தனியான்னா? ஆமா... சரி. வண்டிச் சத்தம் கேட்டா பயந்துக்கும், நீங்க சொல்றதும் சரிதான். தோள்ல இருந்து கையை எடுத்தீங்கன்னா பேசிருவேன்.

ஹலோ. ஆமாம்மா, சார்தான். வந்துட்டேன், தொட்டிகிட்ட. இல்லம்மா, யாரும் இல்ல, நான் மட்டும்தான். கதவைத் திற.